எட்டடியும் பதினோரடியும்



வானொலியிலே கணிதத்தைப் பற்றிப் பேச வருபவனுக்கு ஒரு பெருங்குறை உண்டு. இங்கே கரும்பலகை இல்லை, வெண்கட்டியும் இல்லை. ஒரு கோட்டை இழுத்துவிட்டு, "இதோ பாருங்கள்" என்று சொல்லிப் பழகிய வாய் சிறிது தடுமாறத்தான் செய்யும். ஆகவே உங்களிடம் ஓர் உதவி வேண்டுகின்றேன். சதுரமான கைக்குட்டை ஒன்று அருகில் இருக்குமாயின் எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஒரு மூலையை எதிர்மூலையோடு பொருத்தி மடியுங்கள். இப்பொழுது உங்கள் கையில் இருப்பது ஓர் இருசமபக்கச் செங்கோண முக்கோணி. கரையோரமாக அமைந்த பக்கங்கள் இரண்டும் சமமானவை. அவை சந்திக்கும் மூலை செங்கோணம். மடிப்பு விழுந்த நீண்ட பக்கத்துக்குச் செம்பக்கம் என்று பெயர். பழைய நூல்கள் அதனைக் கர்ணம் என்னும்.

கரையின் நீளம் தெரிந்தால் மடிப்பின் நீளம் எவ்வளவு? மடிப்பின் நீளம் தெரிந்தால் கரையின் நீளம் எவ்வளவு? சிறுபிள்ளையும் கேட்கத்தக்க இந்தக் கேள்விக்கு மனிதகுலம் விடை தேடிய வரலாறு நெடியது. அவ்வரலாற்றின் ஒரு பகுதியையும், அது பழுகாமத்திலே ஒரு கிடுகுக் கொட்டிலின் கூரையில் வந்து நின்ற கதையையும் இன்று சொல்ல எண்ணுகின்றேன்.

பழுகாமம் மட்டக்களப்பு வாவியின் மேற்குப் புறத்திலே, போரதீவுப்பற்றில் அமைந்த பழைய ஊர். சூரியன் எழும் புறம் எழுவான்கரை. அவன் படும் புறம் படுவான்கரை. களுவாஞ்சிகுடியிலிருந்து பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து வந்தால் நீங்கள் படுவான்கரைக்கு வந்துவிட்டீர்கள். இருமருங்கும் வயல், இடையிடையே குளங்கள், அவற்றின் நடுவே ஊர்கள். திரௌபதை அம்மன் கோயிலின் தீமிதிப்பை நினைத்தே பலர் பழுகாமத்தை அறிவர். நான் இன்று பேசுவது அதனினும் எளிய ஒரு பொருளைப் பற்றி, கூரையைப் பற்றி.

இந்நாளில் ஓடும் தகடும் எங்கும் பரவிவிட்டன. ஆயினும் வயல் வாடிகளுக்கும் கொட்டில்களுக்கும் கிடுகும் வைக்கோலும் இலுக்குப்புல்லும் முற்றாக ஒழிந்துவிடவில்லை. ஓட்டுக் கூரையைச் சற்றுத் தாழ்வாக அமைக்கலாம்; வேய்ந்த கூரையை அவ்வாறு அமைத்தல் ஆகாது. கார்த்திகை மார்கழியிலே வடகீழ்ப் பருவமழை கொட்டும்போது, நீர் ஊறுவதற்குமுன் வழிந்தோடிவிடவேண்டும். அதனால் வேய்ந்த கூரையின் சரிவு ஏறத்தாழ 45 பாகையாக இருத்தல் நலம். அஃதாவது கட்டடத்தின் அகலத்திற் பாதி எவ்வளவோ, சுவர் மட்டத்திலிருந்து முகட்டின் உயரமும் அவ்வளவு. பாதி அகலம் ஒரு பக்கம், உயரம் மற்றொரு பக்கம், சுவரிலிருந்து முகட்டுவளைக்கு ஏறும் கைமரமே செம்பக்கம். உங்கள் கைக்குட்டையை மடிப்புப் பக்கம் சரிவாக இருக்கும்படி பிடித்துப் பாருங்கள். அரைக் கூரை தெரியும்.

சில காலத்துக்கு முன்னர் எங்கள் பாடசாலைத் தோட்டத்திலே, வெயில் வேளையில் மாணவர் இருந்து படிப்பதற்காக ஒரு கொட்டில் போடத் தீர்மானித்தோம். அகலம் 16 அடி; ஆகவே பாதி 8 அடி; உயரமும் 8 அடி. கைமரம் எத்தனை அடிக்கு வெட்டவேண்டும் என்று பேச்சு எழுந்தது. தாழ்வாரத்துக்கு வெளியே நீட்டும் பகுதியை விட்டுவிடுங்கள். சுவரிலிருந்து முகடு வரையுள்ள நீளந்தான் கேள்வி. அருகே நின்ற பத்தாந்தர மாணவன் ஒருவன் தாளும் பேனையும் இன்றி, கண்ணிமைக்கும் நேரத்தில் விடை சொன்னான். "எட்டை எட்டுக் கூறாக்கி ஒன்றைத் தள்ளினால் ஏழு. மற்ற எட்டிலே பாதி நாலு. ஏழும் நாலும் பதினொன்று. கைமரம் பதினோரடி, சேர்."

கொட்டில் போட வந்திருந்த முதிய ஓடாவியார் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "பதினோரடிக்கு வெட்டினால் முகட்டுக்கு எட்டாது மனே. வெட்டின மரம் வளராது" என்றார்.

அவர் எதையும் கணக்குப் பார்க்கவில்லை. தம்முடைய இரும்பு மூலைமட்டத்தை எடுத்து மண்ணிலே வைத்தார். அதன் இரு புயங்களிலும் 12 அங்குலத்திற் குறியைக் காட்டினார். ஒரு குறியிலிருந்து மறு குறிக்கு அளவுகோலைக் குறுக்கே வைத்தார். 17 அங்குலத்துக்கு மயிரிழை குறைவாக வந்தது. "அடிக்குப் பதினேழு அங்குலம். எட்டடிக்குப் பதினோரடி நாலங்குலம்" என்று சொல்லிவிட்டு வெற்றிலையை மடிக்கத் தொடங்கினார்.

மாணவனின் முகம் வாடியது. அவன் கூறிய விதி அவனுடைய சொந்தக் கற்பனை அன்று. பைதகரசுக்கும் முற்பட்டவராகிய போதையனார் என்னும் தமிழ்ப் புலவர், வர்க்கமும் வர்க்கமூலமும் வேண்டாமலே கர்ணத்தைக் காணும் வழியைச் செய்யுளிற் பாடிவைத்தார் என்று மேடைகளிலும் கைப்பேசிச் செய்திகளிலும் நீங்களும் கேட்டிருப்பீர்கள். ஓடும் நீளத்தை எட்டாகப் பகுத்து ஒன்றை நீக்கு, குன்றின் உயரத்திற் பாதியை அதனோடு கூட்டு, வருவது கர்ணம். இதுவே அச்செய்யுளின் கருத்து. மாணவன் அதனை 3, 4 பக்கங்களில் வைத்துப் பார்த்திருக்கிறான்: 4இல் எட்டிலொன்று போக 3½, 3இற் பாதி 1½, கூட்டினால் 5. சரியான விடை. 5, 12 பக்கங்களில் வைத்தான்: 10½, 2½, கூட்டினால் 13. அதுவும் சரி. பின்பு தவணைப் பரீட்சையிலே பக்கம் 8 அலகு கொண்ட இருசமபக்கச் செங்கோண முக்கோணி ஒன்று வந்தது. 11 என்று எழுதினான். ஆசிரியர் குறுக்கே கோடு இழுத்துவிட்டார். அந்தக் கோட்டின் வடு ஆறாதிருந்த வேளையிலேதான் ஓடாவியாரின் சொல்லும் வந்து விழுந்தது. அவன் என்னிடம் கேட்டான்: "எங்கள் முன்னோர் சொன்னது பிழையா, சேர்?"

"ஆம்" என்று சொல்லியிருந்தால் அவன் அன்றே தமிழ்க் கணிதம் முழுவதையும் வெறுங்கதை என்று தள்ளியிருப்பான். "இல்லை" என்று சொல்லியிருந்தால் நான் கணிதம் நடக்கும் பாடசாலைக்கு அதிபராக இருக்கத் தகுதியற்றவன். ஆகவே அவனையும் இன்னும் சிலரையும் இருத்தி, இந்த முக்கோணியின் வரலாற்றை முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.

முதலிலே உண்மை விடை யாது? மீண்டும் கைக்குட்டையை விரியுங்கள். நான்கு மூலைகளையும் நடுவிலே வந்து சந்திக்குமாறு மடியுங்கள். சிறியதொரு சதுரம் கிடைக்கும். துணி எங்கும் இரண்டு மடிப்பாக இருப்பதால் அதன் பரப்பு பழைய சதுரத்திற் சரிபாதி. இனி ஒன்றைக் கவனியுங்கள்: சிறு சதுரத்தின் மூலைக்கு மூலை உள்ள தூரம், பெரிய சதுரத்தின் ஒரு பக்கத்துக்குச் சமம். எனவே எந்தச் சதுரத்தை எடுத்தாலும், அதன் மூலைவிட்டத்தின்மேல் எழுப்பிய சதுரம் முதற் சதுரத்தைப்போல் இருமடங்கு பரப்புடையது. பைதகரசின் பெயரால் வழங்கும் தேற்றம் நம் முக்கோணிக்குச் சொல்வது இவ்வளவே. பக்கத்தின் வர்க்கத்தை இரட்டித்தால் செம்பக்கத்தின் வர்க்கம். செம்பக்கத்தின் வர்க்கத்தைப் பாதியாக்கினால் பக்கத்தின் வர்க்கம். 14 அடி நீளமான மரம் ஒன்று கைமரத்துக்கு உண்டெனில், 14இன் வர்க்கம் 196, அதிற் பாதி 98, 9.9இன் வர்க்கம் 98.01, ஆகவே ஒவ்வொரு பக்கமும் 9.9 அடிக்கு ஒரு நூலிழை குறைவு. ஒரு பக்கம் தெரிந்தாற் போதும்; மற்றவை தாமே வெளிப்படும். எங்கள் கொட்டிலுக்கு 8இன் வர்க்கம் 64, இரட்டித்தால் 128. 128இன் வர்க்கமூலம் யாது? தொல்லை அங்கேதான் தொடங்குகின்றது.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்திலே கைக்குள் அடங்கும் வட்டமான களிமண் பலகை ஒன்று இருக்கின்றது. கி.மு. 1800க்கும் 1600க்கும் இடைப்பட்ட காலத்தில் பாபிலோனியாவில் எழுதப்பட்டது. அதிலே ஒரு சதுரம், அதன் இரு மூலைவிட்டங்கள், மூன்று எண்கள், வேறொன்றும் இல்லை. சதுரத்தின் பக்கத்தில் 30 என்று குறித்திருக்கின்றது. பாபிலோனியர் அறுபது அறுபதாக எண்ணுபவர்கள். மூலைவிட்டத்தின்மேல் 1, 24, 51, 10 என எழுதியிருக்கின்றனர். முதல் எண் முழுமை, அடுத்தது அறுபதிற் கூறு, அதற்கடுத்தது அதனுள்ளும் அறுபதிற் கூறு, அப்படியே தொடரும். நம் தசம முறையிலே மாற்றினால் 1.414213 ஆகும். பக்கம் 1 ஆனால் மூலைவிட்டம் இவ்வளவு. அதன் கீழே 30இன் பெருக்கமாக 42, 25, 35. இப்பலகை பயிற்சிக்காக ஒரு மாணாக்கன் எழுதியதாக இருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர் கருதுவர். மூவாயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்குமுன் ஒரு பிள்ளை உள்ளங்கையிலே களிமண்ணை ஏந்திக்கொண்டு எங்கள் கொட்டிலின் கைமரத்தைக் கணக்கிட்டிருக்கின்றான் என்று சொன்னபோது, வாடியிருந்த மாணவன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

அடுத்ததாகப் பாரத தேசம். வேள்விக்குரிய மேடைகளைக் கயிறு பிடித்து அளந்து கட்டும் முறையைக் கூறும் வடமொழி நூல்களுக்குச் சுல்ப சூத்திரங்கள் என்று பெயர். சுல்பம் என்பது கயிறு. அவற்றுள் மிகப் பழையது போதாயனருடையது, கி.மு. 800க்கும் 500க்கும் இடைப்பட்டதென்று பொதுவாகக் கூறுவர். சதுரத்தின் குறுக்கே பிடித்த கயிறு இருமடங்கு பரப்பைத் தரும் என்பதை அவர் தெளிவாகச் சொல்கிறார். அதாவது உங்கள் கைக்குட்டை சொன்னதையே சொல்கிறார். பின்பு நீள்சதுரத்துக்கும் அவ்விதியை விரிக்கிறார். இதனோடு நில்லாமல் மூலைவிட்டத்தின் அளவையும் தருகிறார்: அளவோடு அதன் மூன்றிலொன்றைக் கூட்டு, அம்மூன்றிலொன்றின் நாலிலொன்றைக் கூட்டு, இறுதியிற் கூட்டியதன் முப்பத்துநாலிலொன்றைக் கழி. கணக்கிட்டுப் பாருங்கள், 577இன் கீழ் 408, அஃதாவது 1.414216 வரும். உண்மை மதிப்பு 1.414214. எட்டடிக்கு இவ்விதியாற் கைமரம் வெட்டினால் நேரும் வழுவைக் கண்ணாற் காண இயலாது.

கிரேக்கரிடத்தே கேள்வி வேறு முகம் எடுத்தது. பிளேட்டோ கி.மு. நாலாம் நூற்றாண்டில் எழுதிய மெனோ என்னும் உரையாடலிலே, கல்வியறியாத அடிமைச் சிறுவன் ஒருவனைச் சோக்கிரட்டீஸ் அழைக்கிறார். இரண்டடிச் சதுரத்தைப்போல் இருமடங்கு பரப்புள்ள சதுரத்துக்குப் பக்கம் எவ்வளவு என்று கேட்கிறார். நாலடி என்கிறான் சிறுவன். பரப்பு 16 ஆகிவிடுகிறது. மூன்றடி என்கிறான், 9 ஆகிவிடுகிறது. வேண்டியதோ 8. தான் அறியவில்லை என்று சிறுவன் ஒப்புக்கொள்கிறான். அதன்பின் சோக்கிரட்டீஸ் மூலைவிட்டத்தைக் கீறிக் காட்ட, அதுவே விடை என்று சிறுவன் தானே காண்கிறான். ஆசிரியத் தொழிலிற் புகுவோர் அனைவரும் ஒருமுறையேனும் படிக்கவேண்டிய பகுதி அது. பிழையான இரண்டு விடைகளையும் அவர் கோடிட்டு வெட்டவில்லை என்பதை நோக்குக.

அக்கிரேக்கர் கண்ட மற்றொன்று இன்னும் வியப்பானது. பக்கம் ஒன்றாக இருக்க, மூலைவிட்டத்தை எந்தப் பின்னத்தாலும் சரியாகச் சொல்லமுடியாது. அப்படி ஒரு பின்னம் இருக்குமானால், அதனை இயன்றவரை சுருக்கிய பின்னும் மேலெண், கீழெண் இரண்டும் இரட்டை எண்களாகவே இருந்தாக வேண்டும் என்று காட்டிவிடலாம். சுருக்கிய பின்னத்திலே அது நடவாது. இத்தகையதை விகிதமுறா எண் என்கிறோம். இரகசியத்தை வெளியிட்டவனைக் கடல் கொண்டதென்று பிற்காலத்தார் ஒரு கதையும் கட்டினர். கதை எப்படியாயினும், 128இன் வர்க்கமூலத்தைத் தசமத்தில் எவ்வளவு நீட்டினாலும் முடிவுறாது. 11.3137 என்று நிறுத்திக்கொள்வது நம் வசதி.

இங்கேதான் நம் செய்யுள் விதி தன் இயல்பைக் காட்டிவிடுகின்றது. எட்டிலொன்று தள்ளு, பாதி கூட்டு என்பதில் வர்க்கமூலம் இல்லை. பின்னம் மட்டுமே உண்டு. பக்கம் 1 எனில் அது தரும் செம்பக்கம் 11இன் கீழ் 8, அஃதாவது 1.375. எந்தப் பின்னமும் சரியாகாது என்று நிறுவப்பட்ட இடத்தில், ஒரு பின்னம் வந்து சரியான விடையாக நிற்க முடியாது. நூற்றுக்கு மூன்று வீதத்துக்குச் சற்றுக் குறைவான வழு. எட்டடியிலே அது மூன்றே முக்கால் அங்குலம். ஓடாவியார் சொன்னபடி கைமரம் முகட்டை எட்டாது.

சாதாரண முக்கோணியை வைத்துச் சோதித்தால், ஓட்டம் எது, குன்றம் எது என்ற வழக்குக் கிளம்பும். பக்கங்களை மாற்றிப்போட்டீர் என்று சிலர் வாதாடுவர். இரண்டும் சமமான இம்முக்கோணியில் அந்த வாதத்துக்கு இடமே இல்லை. அதனாலேதான் இதனை உரைகல்லாகக் கொண்டேன்.

ஆயின் 3, 4, 5உம் 5, 12, 13உம் சரியாக வந்தனவே? மாணவர் விடவில்லை. நல்ல கேள்வி. போதாயனர் தம் சூத்திரத்திலே நீள்சதுரங்களுக்கு ஆறு எடுத்துக்காட்டுகள் தருகிறார்: 3, 4, 12, 5, 15, 8, 7, 24, 12, 35, 15, 36. இவ்வாறிலும் விதியை வைத்துப் பார்ப்போம் என்றேன். மாணவர் பங்கிட்டுக்கொண்டு கணக்கிட்டனர். 3, 4க்குச் சரி. 5, 12க்குச் சரி. 8, 15க்கு 17 வரவேண்டிய இடத்தில் 17⅛ வந்தது. 7, 24க்கு 25 வரவேண்டியது, வந்தது 24½. 12, 35க்கு 37 வரவேண்டியது, வந்தது 36⅝. 15, 36க்கு 39 சரியாக வந்தது. ஆனால் அது 5, 12ஐ மும்மடங்காக்கியதே அன்றி வேறன்று. உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி சமன்பாடு எழுதித் தீர்த்தாள். இவ்விதி பிசகாமற் பொருந்துவது இரண்டே வடிவங்களுக்கு என்று விடை வந்தது. ஓட்டம் உயரத்தைப்போல் 4இன் கீழ் 3 மடங்கு. அல்லது 12இன் கீழ் 5 மடங்கு. வேறெந்த வடிவத்துக்கும் பொருந்தாது. மேடையிலே காட்டப்படும் இரண்டு உதாரணங்களும் அந்த இரண்டு வடிவங்களாகவே இருப்பதன் காரணம் இப்பொழுது விளங்குகின்றதன்றோ?

இவ்விரு வடிவங்களுக்கும் இடைப்பட்ட சரிவுகளில் விதி உண்மையைவிடச் சற்றுக் கூட்டிச் சொல்லும். ஆனால் அந்தக் கூடுதல் நூற்றுக்கு ஒன்றைத் தாண்டாது. அவ்வெல்லைக்குள் அது மிக நல்ல விதி. எல்லைக்கு வெளியே குறைத்துச் சொல்லும். ஓட்டம் 10, உயரம் 1 என்று வைத்துப் பாருங்கள். 8¾உம் ½உம் கூடி 9¼. சரிந்த பக்கம் தரையிலுள்ள பக்கத்தைவிடக் குறுகிவிட்டது! அப்படி ஒரு முக்கோணியை உலகில் எவரும் கட்டமுடியாது.

ஆகவே இது தேற்றம் அன்று, கைவிதி. தேற்றம் என்பது எல்லா முக்கோணிக்கும் எக்காலத்துக்கும் பொருந்தவேண்டும், நிறுவலும் வேண்டும். கைவிதிக்கு அந்தக் கடமை இல்லை. சந்தையிலும் களத்திலும் மரம் அரியுமிடத்திலும் விரைவாக உதவினாற் போதும். இதனைத் தாழ்வாகச் சொல்லவில்லை. தமிழ்க் கணித நூல்களின் இயல்பே அதுதான். காரிநாயனாரின் கணக்கதிகாரத்தைப் பார்த்தவர்கள் அறிவார்கள். நிலம், நெல், பொன், காலம் என்று வாழ்வோடு ஒட்டிய கணக்குகள் அதிலே நிறைந்திருக்கின்றன. பலாப்பழத்தை அறுக்காமலே, காம்பைச் சுற்றியுள்ள முட்களை எண்ணி, ஆறாற் பெருக்கி ஐந்தால் வகுத்துச் சுளைகளின் தொகையைச் சொல்லும் வழியும் அம்மரபிலே உண்டு. எங்கள் படுவான்கரைப் பலாப்பழங்கள் அந்த விதிக்கு எவ்வளவு தூரம் கட்டுப்படும் என்பதைப் பலாக்காலத்திலே நீங்களே சோதித்துக்கொள்ளலாம். அதே மரபிலேதான் வட்டத்தின் பரப்பைக் காண அரைச் சுற்றளவை அரை விட்டத்தாற் பெருக்கும் விதியும் வருகின்றது. அது எள்ளளவும் பிசகாத உண்மை. கைவிதியும் உண்மை விதியும் ஒரே ஏட்டில் அருகருகே கிடந்தன. எது எது என்று பிரித்தறிவது படிப்பவன் பொறுப்பு.

இன்னும் ஒரு குழப்பத்தைத் தீர்க்கவேண்டும். போதையனார், போதாயனர் என்னும் பெயர்களின் ஒலி ஒப்புமையால் இருவரையும் ஒருவராக்கிப் பேசுவோர் உளர். சுல்ப சூத்திரத்தின் பழைமையைத் தூக்கித் தமிழ்ச் செய்யுளின் தலையிலே சூட்டிவிடுகின்றனர். ஆனால் சூத்திரம் சொல்வது பரப்புகளின் கூட்டல். செய்யுள் சொல்வது பின்னங்களின் கூட்டல். முன்னது பிசகாதது, பின்னது மதிப்பீடு. ஒரே மனிதர் இரண்டையும் ஒரே விதியாகச் சொல்லியிருக்க முடியாது. மேலும், பைதகரசுக்கு முற்பட்டதென்று கூறுவோர் அச்செய்யுளின் காலத்துக்குச் சான்று காட்டுவதில்லை. சான்றின்றிக் காலத்தை முன்னே தள்ளுவதனால் முன்னோர்க்குப் பெருமை சேராது.

இந்த வட்டாரத்திலே பிறந்த ஒருவரை நினைவூட்டினேன். 1892இற் காரைதீவிலே பிறந்த விபுலாநந்த அடிகள் இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டதாரி. வழக்கொழிந்துபோன பழந்தமிழ் யாழை ஆராய்ந்து 1947இல் யாழ் நூலை வெளியிட்டார். சிலப்பதிகாரத்தில் அவருக்கிருந்த பற்று எவருக்கும் குறைந்ததன்று. ஆயினும் இளங்கோவடிகள் சொன்னார் என்று கண்களை மூடிக்கொள்ளவில்லை. சுருதிகளை எண் விகிதங்களாக எழுதி, பெருக்கியும் வகுத்தும் பார்த்தார். அவருடைய நூலைப் புரட்டினால் பாட்டு நூலா, கணக்கு நூலா என்று ஐயுறத் தோன்றும்.

மாணவன் அவ்வளவிலும் அமைதியுறவில்லை. "அப்படியானால் வர்க்கமூலம் இல்லாமல் எங்கள் பின்னங்களாலே இதைச் சொல்லவே ஏலாதா?" என்று கேட்டான். அன்றைய பொழுதின் மிகச் சிறந்த கேள்வி அதுவே.

பழைய திண்ணைப் பள்ளியிலே எண்சுவடி படித்தவர்கள் கால், அரைக்கால், மாகாணி, மா, காணி, முந்திரி என்று முந்நூற்றிருபதிலொரு கூறு வரையிலே மனப்பாடமாகச் சொல்வார்கள். அரைக்கால் என்பது எட்டிலொன்று; மாகாணி என்பது பதினாறிலொன்று. கைவிதியிலே எட்டிலொன்றும் பாதியும் வருவதற்குக் காரணமும் இதுவாகலாம். இந்தப் பின்னங்கள் நாவின் நுனியில் இருந்தவை. அவற்றைக் கொண்டே நாங்கள் தேடினோம். எட்டுக்குப் பதினொன்று போதாது. பதினொன்றே கால் வைத்தோம், வர்க்கம் 126½ சொச்சம், 128 ஆகவில்லை. அதன்மேல் அரைக்கால் கூட்டினோம், 129ஐத் தாண்டியது. அரைக்காலை விட்டு மாகாணியைக் கூட்டினோம். பதினொன்றே கால் மாகாணி, அஃதாவது 11.3125. அதன் வர்க்கம் 127.97. எட்டடிக்கு நேரும் வழு நாலு கடதாசித் தாள்களின் தடிப்பு அளவே. மூன்றே முக்கால் அங்குலம் எங்கே, நாலு கடதாசித் தாள்கள் எங்கே? திண்ணைப் பள்ளிப் பின்னங்கள் இரண்டைச் சேர்த்த மாத்திரத்தில், ஓடாவியாரின் பதினேழு அங்குல விதியைவிட நுண்ணிய விடை கிடைத்துவிட்டது. இதனை எந்தப் பழம் புலவர் பெயரிலும் ஏற்றிச் சொல்லவேண்டாம் என்று மாணவரிடம் கேட்டுக்கொண்டேன். அன்று மாலை பழுகாமத்தில் நாங்கள் கண்டது.

பரீட்சை விடைக்குப் போட்ட கோட்டை நான் நீக்கவில்லை. பிழை பிழையே. ஆனால் விதி எந்த இரண்டு வடிவங்களுக்குச் சரிவரும் என்று அவன் தன் கையாலே எழுதிய தாளை, கணித அறையின் சுவரிலே ஒட்டுவித்தேன்.

மறுநாள் ஓடாவியார் தம் கணக்கின்படியே, பதினோரடி நாலங்குலத்திற் குறியிட்டு மரத்தை அறுத்தார். மாணவன் கொண்டுவந்த பதினொன்றே கால் மாகாணியைக் கேட்டுவிட்டு, "காலங்குலம் கூட இருந்தால் சீவிவிடலாம் மனே" என்றார். முகட்டுவளையிலே கைமரங்கள் ஒவ்வொன்றாக வந்து பொருந்தின. மிகுந்த காலங்குலத்தை உளியாலே சீவித் தள்ளினார். மாரி தொடங்குவதற்குள் கிடுகும் வேய்ந்தாயிற்று.